எழுபத்துநான்கு கிராம்

டிசம்பர் 4, திங்கள்

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக் கடையின் உதிரிப்பாகக் கவுண்டரில் பதினொரு வருடம் நின்றதில் நான் கற்றது ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். மெதுவாகத்தான் போனேன், பெல்ட் தானாக அறுந்தது என்பார்கள். பெல்டை வாங்கி ஓரத்தைத் தடவினால் போதும். பக்கம் மினுங்கினால் கிளச் வழுக்கியிருக்கிறது. ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால் பனியில் புதைந்து நின்றபடி அக்சிலேட்டரை அமத்தியிருக்கிறார்கள். ஆள் பொய் சொன்னாலும் பெல்ட் சொல்லாது என்பது கடைக்கார வெய்ன் கிழவனின் வேதம்.

இன்று வீட்டிலேயே ஒரு வாடிக்கையாளர். மரஆலை வேலை முடிந்து வந்து, புட்டைக் குழைத்துக்கொண்டிருந்த இவர் தலை நிமிராமல் சொன்னார்:

"தர்மினி, என்ர ஸ்லெட்டுக்கும் நல்ல கிளச் ஒண்டு போடவேணும்."

பத்து மாதமாக அந்த ஸ்லெட், இங்கே ஸ்னோமொபைலுக்கு அதுதான் பெயர், கராஜில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. இனிமேல் அதைத் தொடமாட்டேன் என்று தன் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னவர் இவர்தான்.

"எங்க ஓடப்போறியள்?"

"பள்ளத்தாக்குப் பாதையிலதான். சனிக்கிழமையில சும்மா ஒரு சுத்து."

சரி என்றேன். கை கழுவப் போனவர் குழாயடியில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

"ஏத்தத்தில நடுவில நிண்டுபோகாத மாதிரிப் போடும்."

பள்ளத்தாக்குப் பாதையில் ஏற்றம் எங்கே இருக்கிறது? சைக்கிள் ஓடலாம் அதில். நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பொய்க்கு அவரே தயாராகிவிடுவார்.

டிசம்பர் 6, புதன்

இந்த மலையடிவார ஊரில் தமிழர் என்று இருந்தது மூன்று பேர். நான், இவர், இவருடைய தம்பி நிமலன். இப்போது இரண்டு பேர்.

நிமலன் கீழ் அறையில் இருந்தான். கல்யாணம் கட்டவில்லை. சனிக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் இரண்டு ஸ்லெட்டையும் ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு இரட்டைத் திமில் மலைக்குப் போவார்கள். அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். இரண்டு திமிலுக்கும் முன்னால் செங்குத்தாக ஒரு வெள்ளைச் சரிவு. அது கழுத்து. போன பெப்ரவரி பதினோராம் திகதி, சனிக்கிழமை, அந்தக் கழுத்தில்தான் பனிச்சரிவு அவனை மூடியது. இவருடைய ஸ்லெட் அன்று கீழே, வண்டி ஓட்டுகிறவர்கள் இளைப்பாறும் மரக்குடிலடியில் பழுதாகி நின்றதால் இவர் தப்பினார். அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னார்.

கிளச்சுக்கு வருகிறேன். ஸ்லெட்டில் கியர் கிடையாது. முன்னால் ஒரு கிளச், பின்னால் ஒரு கிளச், இரண்டையும் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட். முன் கிளச்சுக்குள் மூன்று உலோகத் துண்டுகள். சுழலும் வேகத்தில் அவை விரிந்து பெல்டை நெருக்கும். எல்லாம் அந்தத் துண்டுகளின் எடையில்தான் இருக்கிறது. எடை குறைந்தால் எஞ்சின் வீணாகக் கத்தும், பெல்ட் வழுக்கிச் சூடேறி எரியும். எடை கூடினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

இரண்டு பேரும் போன வருடம் ஒரே நாளில், எஞ்சினின் வலுவைக் கூட்டும் டேர்போ பூட்டினார்கள். டேர்போ வந்தால் கம்பனி போட்டு அனுப்பும் அறுபத்தாறு கிராம் தாங்காது. எழுபத்துநான்கு கிராம் துண்டுகள், பின் கிளச்சுக்கு இறுக்கமான ஸ்பிரிங், இவை சேர்ந்த கிட் ஒன்று போடவேண்டும். நிமலனுடையதில் அது இருந்தது. அவனே இணையத்தில் வாங்கிப் பூட்டியதாகத்தான் ஊரில் கதை. இவருடையதில் பழைய கம்பனிக் கிளச்தான் இன்றைக்கும் இருக்கிறது.

கடையின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

இவர் ஆலையில் இருந்த நேரம் கிளச்சைக் கழற்றிப் பூட்டினேன். எது போட்டாய் என்று வெய்ன் கேட்டான். எழுபத்துநாலுதானே, இந்த எஞ்சினுக்கு வேறு பேச்சில்லை என்றான். நான் என் கணக்குக்குப் போட்டேன். போல்ட்டுகளை முறுக்கி, வழமை போல ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்ற் கோடு ஒன்று இழுத்துவிட்டேன். யாராவது கழற்றினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

"நல்லா இழுக்குமோ?" என்று இரவு இவர் கேட்டார்.

"ஓடிப் பாருங்கோவன்."

டிசம்பர் 9, சனி

காலை எட்டு மணிக்குப் போனார். நான் புட்டும் முட்டைப் பொரியலும் செய்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு டப்பாக்கள் போயிருக்கின்றன. சட்டியில் எனக்கென்று வைத்த புட்டும் இல்லை.

மனிதர் ஒரு டப்பாப் புட்டையே முழுதாகச் சாப்பிடுவதில்லை.

மூன்று மணிக்கு வந்தார். ட்ரெயிலரிலிருந்து இறக்கியதும் பக்கமூடியைத் திறந்து கிளச்சில் கை வைத்தேன். ஓடி நிறுத்திய உடனே கையை வைத்து ஐந்து எண்ண முடிந்தால் கிளச் சரி. மூன்றிலேயே சுட்டால் பிழை. இது ட்ரெயிலரில் வந்த ஒரு மணித்தியாலத்தில் ஆறிய கிளச். பச்சைத்தண்ணி போலக் குளிர்ந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் அறிய முடியவில்லை.

"என்ன பாக்கிறீர்?" என்றார்.

"என்ர வேலையைத்தான்."

டிசம்பர் 10, ஞாயிறு

பீக்கனுக்கு, அதுதான் பனிக்குள் புதைந்தவரைத் தேடும் கருவிக்கு, புது பற்றறி போட்டிருக்கிறார். பள்ளத்தாக்கில் எவன் புதைவான்?

டிசம்பர் 16, சனி

திரும்பவும் இரண்டு டப்பா. இம்முறை கருவாட்டுக் குழம்பும் போயிருக்கிறது. பின்னேரம் டப்பாக்களைக் கழுவ எடுத்தேன். ஒன்றில் வழித்துச் சாப்பிட்ட அடையாளம் இருந்தது. மற்றது பனியால் தேய்த்துத் துடைத்தது போல வெறுமையாக, மூலையில் ஐஸ் ஒட்டியிருந்தது. கரண்டியும் இரண்டு.

மரக்குடிலை நடத்தும் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். கருவாட்டு மணத்துக்கு அந்தப் பெண் ஓடியே போவாள். அப்படியென்றால் வேறு யார்? இந்தப் பனிக்குள் போய் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட யார் காத்திருக்கிறார்கள்? இருபத்திரண்டு வருடம் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் சாப்பிட்ட மனிதரை நான் இப்படி நினைக்க வேண்டியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 18, திங்கள்

வெய்ன் மேல்தட்டைத் துப்புரவாக்குகிறானாம். இந்தப் பெட்டி ஏன் இன்னும் கிடக்கிறது, ஒரு வருடமாகப் போகிறது, திருப்பி அனுப்பட்டுமா என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக் கவுண்டருக்குக் கீழே தள்ளினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். உன் புருஷன் போனகிழமை வந்து, கிளச்சுக்குள் என்ன எடை போடுவது வழக்கம் என்று கேட்டுவிட்டுப் போனான் என்று அதன் பிறகு சொன்னான்.

என்னிடம் கேட்க வேண்டியதை ஏன் கிழவனிடம் கேட்கிறார்? கிழவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை நோட்டம் பார்க்கிறார்களோ என்று பகல் முழுக்க மனம் அரித்தது.

டிசம்பர் 23, சனி

"ஸ்லெட் இழுக்குதில்லையப்பா," என்றார் வந்ததும்.

"எங்க இழுக்கேல்ல? பள்ளத்தாக்கிலயோ?"

 சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிற சாட்டில் குனிந்துகொண்டார்.

"புது பெல்ட். கொஞ்சம் ஓடித் தேயவேணும்," என்றேன்.

புது பெல்டைப் பழக்கி எடுக்க வேண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் அதைச் சொன்னேன். நல்ல பொய்க்குள் முக்கால்வாசி உண்மை இருக்கும். அதையும் கவுண்டரில்தான் கற்றேன்.

"கிளச்சில ஒண்டும் பிழையில்லைத்தானே?"

"நான் போட்டதில பிழை வந்திருக்கோ?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 30, சனி

பனிப்புயல். போகவில்லை. யன்னலோரம் நின்று ஒட்டகம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டில் அடைத்த கோழி போல வீட்டுக்குள் நடந்தார். மத்தியானம் தன் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டைப் பாதி பிரித்து ஓரத்தில் வைத்தார். பிறகு தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு மற்றப் பாதியை வெளியே கொண்டுபோய்ப் பனிமேல் வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சனிக்கிழமைப் புட்டும் முட்டைப் பொரியலும் யாருக்கு உயிர்? கருவாட்டுக் குழம்பு என்றால் கீழ் அறையிலிருந்து படியேறி ஓடிவருவது யார்? பெண்ணுமில்லை, பிசாசுமில்லை. செத்துப்போனவனின் பங்கைக் கொண்டுபோய் வைக்கிறார். அப்படியென்றால் அவன் செத்த இடத்துக்கல்லவா போகிறார்.

இதைவிட ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரி 6, சனி

மூன்று மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. நாலு மணிக்கும் இல்லை. ஃபோன் வேலை செய்யாத இடம். மரக்குடிலுக்கு அடித்தேன். ட்ரெயிலர் இங்கேதான் நிற்கிறது, ஆள் காலையில் மேலே போனது என்றாள். மீட்புக் குழுவுக்கு அடிக்க எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்தே காலுக்கு வாசலில் வெளிச்சம்.

தாடியில் ஐஸ். விரல்கள் வெளுத்திருந்தன. கோப்பியைக் கையில் பிடிக்க முடியாமல் மேசையில் வைத்துக் குனிந்து குடித்தார்.

"எங்க நிண்டனீங்கள்?"

"கழுத்துக்குக் கீழ. ஆழப் பனி. ஸ்லெட் மூச்சு முட்டி நிண்டிட்டுது. நாலு மணித்தியாலம் கிண்டினனான்."

முதல் தடவையாக உண்மை சொன்னார். அதுவும் எவ்வளவு பெரிய உண்மை! கழுத்துக்குக் கீழே என்றால், மேலே எது கழன்றாலும் வந்து விழுகிற இடம். அங்கே நாலு மணித்தியாலம் முதுகைக் காட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றிருக்கிறார்.

அவர் படுத்த பிறகு குசினிக்குள், அடுப்படியில் இருந்து அழுதேன்.

ஜனவரி 7, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நான் போட்டது எண்பது கிராம். இதைவிடப் பெரிய எஞ்சினுக்கு வந்த துண்டுகள். அதைப் போட்டால் தட்டையில் ஓடும், ஏற்றத்தில் திணறும். இரண்டு தடவை திணறினால் மனிதர் அலுத்துப்போய்த் தார்ப்பாயை மூடிவிடுவார் என்று நினைத்தேன். ஏறாத ஸ்லெட்டில் போனால் ஆபத்தில்லை என்பது என் கணக்கு.

நிற்கிற ஸ்லெட்தான் ஆபத்து என்று கவுண்டரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஊருக்கு உபதேசம் செய்தவள் என் வீட்டு ஆளைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தி வைத்தேன்.

நிமலனின் கிளச்சைப் பூட்டியதும் நான்தான். அண்ணி, ஒரே மூச்சில் மேலே போகவேணும் என்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன். ஒரே மூச்சில் போய்விட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இது இவருக்குத் தெரியுமோ என்று முகத்தைப் பார்க்கிறேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கவுண்டருக்குக் கீழே தள்ளிய பெட்டியை உடைத்தேன். எழுபத்துநாலு கிராம் துண்டுகள் மூன்று, பின் ஸ்பிரிங், எல்லாம் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி புதிதாக இருந்தன. துண்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிராம் வித்தியாசம்கூட இல்லை. வெறும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து புடவை அலுமாரியில் வைத்தேன்.

கராஜில் ஸ்லெட்டின் பக்கமூடியைத் திறந்தால் என் மஞ்சள் கோடுகள் எல்லாம் முறிந்திருந்தன.

கழற்றியிருக்கிறார். துண்டின் முதுகில் எண்பது என்று அடித்திருப்பது குருடனுக்கும் தெரியும். எப்போது கழற்றினார்? வெய்னிடம் கேட்ட கிழமையிலா? அப்படியென்றால், எண்பது என்று தெரிந்துகொண்டு, பூட்டிவைத்து, என்னிடம் வந்து இழுக்குதில்லை என்று சொல்லி என் வாயைப் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டே அந்த ஸ்லெட்டில் கழுத்துக்குக் கீழே போயிருக்கிறார். ஏன்?

எண்பதைக் கழற்றினேன். எழுபத்துநாலைப் போட்டு முறுக்கினேன். மஞ்சள் கோடு இழுக்கவில்லை.

ஜனவரி 13, சனி

போய் வந்தார்.

"இப்ப இழுக்குது," என்றார்.

"ஓம்."

  இரண்டு கள்ளர் ஒரே வீட்டுக்குள் சந்தித்தது போல இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல். வாசலில் பனியைத் தள்ளிவிட்டுக் கேஸ் அடுப்பில் பொங்கினோம். பொங்கி வழிகிற நேரம் சொன்னார்: "முப்பத்தோராம் திகதி திதி வருது. வீட்டில படைச்சுப்போட்டு, நான் ஒரு பங்கைக் கழுத்துக்குக் கொண்டுபோய் வைக்கப்போறன்."

"கழுத்துக்குக் கீழயோ?"

"கழுத்திலயே."

இப்போது அந்த ஸ்லெட் ஏறும். ஏறுகிற மாதிரிப் பூட்டியவள் நான். இரண்டாந் தரம்.

ஜனவரி 20, சனி

கராஜில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"போகவேண்டாம். நிமலன்ர கிளச்சைப் போட்டது நான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவன் அண்டைக்கே சொன்னவன். 'அண்ணி போட்டது பொன் மாதிரி வேலை செய்யுது அண்ணை' எண்டு. ஊர் உம்மை ஒரு சொல்லும் சொல்லக்கூடாது எண்டுதான் அவனே வாங்கிப் பூட்டினது எண்டு சொன்னனான்."

ஒரு வருடமாக நான் ஒளித்தது அவர் கட்டிக்கொடுத்த மறைப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்படியே ஸ்லெட்டில் குந்திவிட்டேன்.

"அதாலதானே அவன் ஏறினவன். அதாலதானே செத்தவன்."

"இல்லையப்பா." மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஏறினவன் தப்பிட்டான். மேல போய்த் திமில்ல நிண்டு கை காட்டினவன். நான்தான் நடுக்கழுத்தில நிண்டனான்."

"நீங்கள் குடிலடியில எல்லோ..."

"அது நான் சொன்ன கதை. கம்பனிக் கிளச்சோட அவனுக்குப் பின்னால நானும் ஏறினனான். பெல்ட் எரிஞ்சு மணந்து, அறுந்து, நடுவில நிண்டிட்டன். அவன் கண்டிட்டு எனக்காக இறங்கி வந்தவன். வரேக்க மேல பனி வெடிச்சுது. நான் கழுத்தின்ர ஒரு ஓரமா நிண்டதால என்னைத் தள்ளிப்போட்டுப் போயிட்டுது. அவனை மூடிப்போட்டுது."

சொல்லும்போது அவர் அழவில்லை. ஏதோ ஆலையில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் வாய் கோணியது.

"சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது? தம்பியை இறங்கி வரவைச்சுச் சாகக் குடுத்தனான் எண்டோ?"

நான் கேட்டேன்.

"எண்பதைக் கண்டனீங்கள்தானே. ஏன் கேக்கேல்ல?"

"உமக்கு எல்லாம் தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சன். அண்டைக்கு நான் நிண்ட மாதிரியே திரும்பவும் போய் நிண்டு பாக்கட்டும் எண்டு போட்டிருக்கிறீர் எண்டு நினைச்சன். அது நியாயம்தானே எண்டு போட்டு, அப்பிடியே போனனான்."

நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததை, அவர் தண்டனை என்று ஏற்றுக்கொண்டு அந்தச் சரிவுக்குக் கீழே போய் நின்றிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தும் ஒருவரையொருவர் இவ்வளவு கேவலமாகச் சந்தேகித்திருக்கிறோம். எழும்பி, நிலத்தில் குந்திவிட்ட அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தேகம் எல்லாம் தீர்ந்த மனிதர் போல அவர் மூச்சு விட்டார்.

நான் சொல்லாதது இன்னும் ஒன்று இருந்தது. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

பத்து மணிவரை தூங்கினார். ஒரு வருடத்துக்குப் பிறகு இப்படித் தூங்குகிறார். என்னால் முடியவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

இந்த நாட்குறிப்புக் கொப்பிக்காவது சொல்கிறேன்.

போன வருடம் ஜனவரி இருபத்தேழாம் திகதி கடைக்கு ஒரே பார்சலில் இரண்டு கிட் வந்தன. ஒன்று நிமலனுக்கு, ஒன்று இவருக்கு. நிமலனுடையதை அடுத்த நாளே பூட்டினேன். இவரிடம், உங்களுடையது இன்னும் வரவில்லை, பின்தங்கிவிட்டது, வரும்வரை மேலே போகாதீர்கள் என்றேன். பெட்டியை மேல்தட்டில் வைத்தேன்.

இவர் மேலே போகக்கூடாது என்பதுதான் காரணம். கிளச் இல்லாவிட்டால் போகமாட்டார் என்று நம்பினேன். தம்பி போகட்டும், என் ஆள் கீழே நிற்கட்டும் என்று நினைத்தேனா? அப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் இரண்டு பெட்டியில் ஒன்றை எடுத்துக் கொடுத்து ஒன்றை ஒளித்த கை என்னுடையது. அந்தக் கைக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

பெல்ட் எரிந்தது ஏன் என்று இவர் என்னைக் கேட்கவே இல்லை. டேர்போவுக்குக் கம்பனிக் கிளச் தாங்காது என்று எனக்கு அன்றே தெரியும். எழுபத்துநாலு கிராம் உள்ளே இருந்திருந்தால் இவரும் ஒரே மூச்சில் மேலே போயிருப்பார். நிமலன் இறங்கி வந்திருக்கத் தேவையில்லை.

தன்னால்தான் தம்பி செத்தான் என்று அந்த மனிதர் ஒரு வருடமாக உருகி, சோற்றில் பாதியைப் பனியில் வைத்துவிட்டு வருகிறார். சொல்லாவிட்டால் இனியும் வைப்பார். சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாரோ தெரியாது.

ஜனவரி 24, புதன்

பின்னேரம், அவர் தேத்தண்ணி குடிக்க வந்து இருந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் இவருடைய பெயர், வந்த திகதி இரண்டும் என் கையெழுத்தில் இருந்தன.

வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது போன வருசத் திகதி."

"ஓம்."

"வரேல்ல எண்டு சொன்னனீர்."

"ஓம்."

தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டார். எழும்பும்போது பெட்டியின் மூடியை ஒழுங்காக மடித்து மூடினார்.

"வந்திட்டுது, ஆனா போடமாட்டன், நீங்கள் மேல போறது எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு சொல்லியிருந்தால்," என்றார், "சண்டை பிடிச்சுப்போட்டுக் கோவத்தில வீட்டில இருந்திருப்பன்."

அவ்வளவுதான். நிமலனுடைய அறைக்கு இறங்கிப் போய்விட்டார்.

ஜனவரி 25, வியாழன்

கீழ் அறையிலேயே படுத்தார்.

ஜனவரி 27, சனி

இன்று போகவில்லை. டப்பா எடுக்கவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை.

ஜனவரி 29, திங்கள்

வெய்ன் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் லீவு எடுக்கச் சொன்னான். இவன் எதையோ தெரிந்துகொண்டு சொல்கிறான் என்று உடனே நினைத்தேன். பிறகு, கிழவன் பாவம், நல்லதற்குத்தான் சொல்கிறான் என்று விட்டேன். எல்லாவற்றையும் பெல்ட் போலத் தடவிப் பார்க்கிற இந்தக் குணம் என்னைவிட்டுப் போகாது போலிருக்கிறது.

ஜனவரி 31, புதன்

தை மாத அபரபக்க சஷ்டி. நிமலனின் திதி.

காலையில் எழும்பிச் சமைத்தேன். திதிக்கு மச்சமாமிசம் கூடாது. பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், பாயாசம் என்று செய்தேன். கடைசியில் மனம் கேட்காமல் கொஞ்சம் புட்டு அவித்து ஒரு முட்டையும் பொரித்தேன். அவனுக்கு முட்டை இல்லாமல் புட்டு இறங்காது. படத்துக்கு முன்னால் படைத்துத் தேவாரம் படித்தோம். தேவாரம் மட்டும் சேர்ந்து படித்தோம்.

பனிச்சரிவு அறிக்கையில் மலையுச்சிக்கு ஆபத்து 'அதிகம்' என்று போட்டிருந்தது. அவரும் பார்த்தார். ஆனாலும் ட்ரெயிலரை மாட்டினார். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே போய் நிமலனின் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். என் தலையில் வைத்து, நாடிக்குக் கீழே பட்டியை அவரே பூட்டிவிட்டார். அது எனக்குப் பெரிது. இழுத்து இறுக்கினார்.

குடிலைத் தாண்டி, மரங்களுக்கிடையால் அவர் ஓட்ட நான் பின்னால் இருந்தேன். காட்டின் விளிம்பில் நிறுத்தினார். முன்னால் கழுத்து. நான் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தது. எதற்கு இதில் ஏற ஆசைப்பட்டார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மரத்தடியில் பனியை மிதித்துத் தட்டையாக்கி டப்பாவைத் திறந்து வைத்தேன். கற்பூரம் மூன்று தரம் அணைந்தது. நாலாந் தரம் அவர் இரண்டு கையாலும் காற்றை மறித்துப் பிடித்தார்.

"நிமலன், அண்ணி வந்திருக்கிறா," என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு அவர் வாயில் என்னைப் பற்றி ஒரு சொல் வந்தது. எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இரண்டு பெட்டி வந்தது, ஒன்றை ஒளித்தேன், உன்னை இறங்கி வரவைத்தது உன் அண்ணன் இல்லை, நான், என்று சத்தமாகச் சொன்னேன். மலை கேட்டுக்கொண்டிருந்தது. இவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஸ்லெட்டில் ஏறி இருந்து கழுத்தைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஏறுமோ?"

மூச்சு முட்டும், பெல்ட் புதிது, இரண்டு பேருக்குத் தாங்காது. சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. எல்லாம் முக்கால்வாசி உண்மை.

"ஏறும்," என்றேன்.

"நடுவில நிக்காதே?"

"நிக்காது. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. போகவேண்டாம்."

அவர் என்னையே பார்த்தார். முன்பு பார்த்த பார்வை இல்லை. கைப்பிடியில் கொழுவியிருந்த பாதுகாப்புக் கயிற்றை இழுத்துக் கழற்றினார். எஞ்சின் நின்றது. கயிற்றை என் கையில் வைத்தார்.

"திரும்பிப் போகேக்க நீர் ஓட்டும்."

நான் ஓட்டினேன். மரங்களுக்கிடையால் மெதுவாக, குடில்வரைக்கும். என் இடுப்பைப் பிடிக்காமல் பக்கத்துப் பிடியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். நிறுத்தியதும் நான் மூடியைத் திறக்கக் குனிந்தேன். அவர் என்னை விலக்கிவிட்டுத் தானே திறந்தார். கையுறையைக் கழற்றி, வெறுங்கையைக் கிளச்சின் மேல் வைத்தார்.

"எண்ணும்," என்றார்.

எண்ணினேன். ஐந்து தாண்டியும் அவர் கையை எடுக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.